கம்போடியக் கிராமத்துப் பள்ளிக்குக் கேமராவோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் மாணவர் குழுக்கள் வகுப்பறைக்கு வண்ணம் பூச, கழிப்பறை கட்ட, ஆங்கிலம் சொல்லித்தர என்று கம்போடியாவுக்குப் போவது வழக்கம். பெரும்பாலும் சியெம் ரீப் நகரத்தில் தங்கி, சுற்றுவட்டாரக் கிராமத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஐந்து முதல் பத்து நாள் வேலை. பையில் எப்படியும் ஒரு கேமரா இருக்கும். அதை அந்தக் குழந்தைகளோடு பழகுவதற்கு எப்படிப் பயன்படுத்துவது என்பது பற்றிய கேள்விகள் இவை.

அங்கே பேசும் கெமர் மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. கேமரா மட்டும் போதுமா?

போதாது. ஆனால் மொழி நீங்கள் நினைக்கிற அளவு தூரத்தில் இல்லை. படத்துக்குக் கெமரில் "ரூப்", நம்முடைய ரூபம்தான். பள்ளி "சாலா", ஆசிரியர் "க்ரூ", தலைமையாசிரியர் "நாயோக் சாலா", ஊர்த் தலைவர் "மே பூம்". "மே" தவிர எல்லாம் சமஸ்கிருத வழி வந்தவை, காதில் ஒருமுறை விழுந்தால் மறக்காது. "சொம் தோத் ரூப் பான் தே?" என்றால் "படம் எடுத்துக்கொள்ளலாமா?". "பான்" என்று பதில் வந்தால் சரி. "மூய், பீ, பெய்" என்பது ஒன்று, இரண்டு, மூன்று. "ஒர்குன்" நன்றி. பெரியவர்களைக் கை கூப்பி வணங்குவது அங்கும் உண்டு, அதற்குப் பெயர் "சம்பெயா". உச்சரிப்பைப் பள்ளி ஆசிரியரிடம் முதல் நாளே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக் குழந்தைகள் சிரித்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, உங்கள் படங்களைக் கொண்டுபோங்கள். பத்து பிரிண்ட் போதும்: உங்கள் வீடு, பாட்டி, தெரு, நீங்கள் படித்த பள்ளி. தமிழ்நாட்டுக்காரர்கள் ஒரு பனைமரப் படம் வைத்திருப்பது நல்லது. பனை கம்போடியாவின் தேசிய மரம். தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுதான். படத்தைக் காட்டியதும் "த்னோத்!" என்று கத்துவார்கள். பதநீர், பனஞ்சர்க்கரை, ஓலை எல்லாம் அவர்கள் வீட்டிலும் புழங்குவதால், அந்த ஒரு படத்தை வைத்து அரை மணி நேரம் சைகையிலேயே பேசலாம். கைபேசியில் காட்டாதீர்கள். திரை ஒருவர் கைக்குத்தான் போகும், பத்து பிரிண்டைப் பத்துப் பேர் கையில் கொடுக்கலாம்.

முதல் நாளே படமெடுக்கத் தொடங்கலாமா?

வேண்டாம். முதல் நாள் கேமரா பையிலேயே இருக்கட்டும். இரண்டாம் நாள் எடுத்தாலும், நீங்கள் எடுக்கும் முன் குழந்தைகள் கேமராவுக்குள் பார்க்கட்டும். பட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டு, வியூஃபைண்டரில் கண் வைக்கச் சொல்லி, ஜூம் வளையத்தைத் திருப்ப விடுங்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன தெரிகிறது என்று அறிந்த குழந்தை அதன் முன் நிற்கும்போது விறைக்காது.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

மூன்று படி. தலைமையாசிரியர், பெற்றோர் அல்லது வளர்ப்பவர், கடைசியாகக் குழந்தை. பள்ளிக்கு வெளியே ஊருக்குள் படமெடுக்கப் போவதாக இருந்தால் மே பூமிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். உங்களை அழைத்த உள்ளூர்த் தொண்டு நிறுவனம் "எல்லாம் பேசியாயிற்று" என்று சொன்னாலும், எதற்குப் பேசியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். வண்ணம் பூச அனுமதி வாங்கியிருப்பார்கள், படத்துக்கு வாங்கியிருக்க மாட்டார்கள்.

படிவம் கெமரில் இருக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த நான்கையும் தனித்தனிக் கட்டமாகப் போடுங்கள்: குழந்தையைப் படமெடுத்து வீட்டுக்கு ஒரு பிரதி தரலாமா, குழந்தை கையில் கேமரா கொடுக்கலாமா, எங்கள் அறிக்கையில் அச்சிடலாமா, இணையத்தில் போடலாமா. ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அடக்கும் படிவத்தில்தான் தவறு நடக்கிறது. பேரப்பிள்ளையின் படம் வீட்டுச் சுவருக்கு வேண்டும் என்பதற்காகப் பாட்டி கைநாட்டு வைப்பார், அது இணையத்துக்கும் சேர்த்து என்று அவருக்குத் தெரியாது.

பாட்டி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வீடுகளில் அப்பா அம்மா தொலைவில் கூலி வேலையிலோ தலைநகர் புனோம் பென்னின் தையல் ஆலையிலோ இருப்பார்கள், பிள்ளைகளை வளர்ப்பது தாத்தா பாட்டி. அவர்களில் பலர், படித்தவர்களைக் கொன்ற கெமர் ரூஜ் கம்யூனிஸ்ட் ஆட்சியில் பள்ளியை இழந்த தலைமுறை, வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆசிரியர் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். கம்போடியாவில் ஆவணங்களில் பெருவிரல் ரேகை வைப்பது சாதாரணம். சிவப்பு மைப்பெட்டி ஒன்றும் கை துடைக்க ஈரத்தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு இந்த வேலை முடிய இரண்டு நாளாவது ஆகும். அதைப் பயணத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

குழந்தை "வேண்டாம்" என்று சொன்னால் தெரிந்துவிடுமே?

தெரியாது, ஏனென்றால் சொல்லாது. வயதில் மூத்தவரிடம், அதிலும் ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது, அங்கே ஒரு பிள்ளை வாய்விட்டு மறுப்பது அரிது. மறுப்பு வேறு விதமாக வரும்: பார்வை தரையில், தோள் உள்ளே சுருங்கும், ஆசிரியர் முகத்தை ஒருமுறை பார்க்கும், பக்கத்துப் பிள்ளையின் பின்னால் அரை அடி நகரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கேமராவை இறக்கிவிட்டு வேறு ஏதாவது பேசுங்கள். அந்தப் பிள்ளையின் சைக்கிளையோ கையில் இருக்கும் பொருளையோ எடுக்கலாமா என்று கேட்பது நல்ல வழி. முகம் காட்டாத படத்துக்கும் ஒரு பிரிண்ட் கொடுக்கலாம். தைரியம் சொல்வதற்காகக் கூடத் தலையைத் தொடாதீர்கள், தலை அங்கே மதிப்புக்குரிய உறுப்பு.

ஆதரவற்றோர் இல்லத்துக்கு ஒரு நாள் போய்ப் படமெடுக்கலாமா?

போகாதீர்கள். கம்போடியாவின் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் சொல்லி வருகிறது. பார்வையாளர் பணம்தான் பல இல்லங்களை நடத்தியது. ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் சைல்ட்சேஃப் இயக்கம் 2011-இல் "குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல" என்று பிரசாரம் தொடங்கியது இதனால்தான்.

எந்தக் கருவி? எடுத்ததும் தாளில் படம் தரும் இன்ஸ்டாக்ஸ் கேமராவா, சின்ன பிரிண்டரா, ஊருக்குப் போய் அச்சிட்டு அனுப்பலாமா?

முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: எடுத்த படம் நீங்கள் கிளம்பும் முன் குழந்தை கைக்குப் போக வேண்டும். "ஊருக்குப் போய் அனுப்புகிறேன்" என்ற பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கம்போடியாவில் இதற்குத் தனி எடையும் உண்டு. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் காலத்தில் குடும்பங்கள் விரட்டப்பட்டபோது வீட்டுப் படங்கள் தொலைந்தன, படித்தவர் என்று காட்டிக்கொடுக்கும் என்ற பயத்தில் பலர் தாங்களே அழித்தார்கள். தன் பெற்றோரின் ஒரு படம்கூட இல்லாத தாத்தா பாட்டிகளின் வீட்டுக்குத்தான் உங்கள் பிரிண்ட் போகிறது.

உடனடிக் கேமராவில், உதாரணமாக இன்ஸ்டாக்ஸ் மினியில், படம் 62 × 46 மி.மீ., விளிம்போடு சேர்த்து ஏடிஎம் அட்டை அளவு. ஒரு பெட்டியில் 10 தாள். தொண்ணூறு விநாடியில் உருவம் தெளியும், அந்தத் தொண்ணூறு விநாடிதான் அதன் முழு மந்திரம். குறை, ஒரே பிரதிதான், தப்பினால் தாள் போயிற்று.

அதே தாளில் கைபேசியிலிருந்து அச்சிடும் மினி லிங்க் போன்ற பிரிண்டர் எங்கள் முதல் தேர்வு. கண் மூடிய படத்தைத் தாளில் வீணாக்க வேண்டாம். ஒரே படத்தை இரண்டு பேருக்கும் தரலாம், தொலைவில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு அதன் கோப்பையும் அனுப்பலாம். ஒரு பிரிண்ட் வெளிவரப் பன்னிரண்டு, பதினைந்து விநாடி.

சாயத்தைச் சூடாக்கித் தாளில் ஏற்றும் கேனன் செல்ஃபி போன்ற பிரிண்டர் 10 × 15 செ.மீ. படம் தரும், வண்ணமும் நன்றாக இருக்கும், மேலே பாதுகாப்புப் படலமும் படியும். ஒரு படத்துக்கு முக்கால் முதல் ஒரு நிமிடம். ஆனால் தாள் நான்கு முறை வெளியே வந்து உள்ளே போகும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தச் செம்மண் பாதைகளில் கிளம்பும் தூசி அப்போது தாளில் ஒட்டி வெள்ளைப் புள்ளியாக விழும். கிராமத்தில் இதைத் திறக்காதீர்கள், இரவில் விடுதி அறையில் அச்சிட்டுக் காலையில் கொண்டுபோங்கள்.

குடும்பப் படத்துக்கு நகரத்து ஸ்டூடியோவில் 10 × 15 அச்சிட்டு லேமினேட் செய்வது மேல். அந்த வீடுகளில் கண்ணாடிச் சட்டகம் எதிர்பார்க்க முடியாது, படம் பலகைச் சுவரில் செருகப்படும். மே முதல் அக்டோபர் வரை மழை, லேமினேட் இல்லாத தாள் ஒரு மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டுவிடும்.

கணக்கு: நாற்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிறு படம் என்றால் 40 தாள், கெடுவதற்கு 8, வேலிக்கு வெளியே நிற்கும் தம்பி தங்கைகளுக்கு 12. ஆக 60, அதாவது ஆறு பெட்டி. கடைசியில் சொன்ன பன்னிரண்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கிராமப் பள்ளிகள் பலவும் காலை, பிற்பகல் என்று இரண்டு பிரிவாக நடக்கும். காலைப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டுப் பிற்பகல் பிரிவுக்கு இல்லை என்று சொல்லும் நிலைக்கு ஆளாகாதீர்கள்.

இன்ஸ்டாக்ஸ் படங்கள் ஏன் கெட்டுப்போகின்றன?

வெள்ளை வெளேரென்ற முகம்: மினி 11, 12 வகைகளில் ஃபிளாஷ் எப்போதும் எரியும். அரை மீட்டரில் நின்று எடுத்தால் முகம் வெளுத்துவிடும். ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை தள்ளி நில்லுங்கள். இரண்டரை மீட்டரைத் தாண்டினால் ஃபிளாஷ் எட்டாமல் இருட்டும்.

தலை வெட்டுப்பட்ட படம்: கண் வைக்கும் துளையும் லென்ஸும் ஒரே இடத்தில் இல்லை. அருகில் போகப் போகப் படம் ஒரு பக்கம் நகரும். முகத்தைச் சுற்றி நிறைய இடம் விடுங்கள்.

நிறம் சாய்ந்த படம்: இந்தத் தாள் 5 முதல் 40 டிகிரி வரைக்கும் என்று செய்யப்பட்டது. ஏப்ரலில் அங்கே வெயில் 40-ஐத் தொடும், வேனுக்குள் விட்ட பையில் அதற்கும் மேல். ஈரத் துணி சுற்றிய தண்ணீர்ப் புட்டியோடு ஒரு சிறு குளிர்ப்பையில் பெட்டிகளை வையுங்கள், தாள் நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள். வெளிவந்த படம் தெளியும் வரை நிழலில் இருக்க வேண்டும். ஆட்ட வேண்டாம், ஆட்டினால் எந்த நன்மையும் இல்லை.

முதலில் வந்த கறுப்புத் தாள்: புதுப் பெட்டி போட்டதும் வெளிவருவது மூடி அட்டை. இது தெரியாமல் முதல் பிள்ளை தன் படம் மட்டும் கறுப்பாகிவிட்டது என்று நினைத்து வாடிவிடும். பெட்டியை யாரும் பார்க்காத இடத்தில் மாற்றுங்கள். பின்மூடியின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். ஆர்வத்தில் யாராவது திறந்தால் உள்ளே இருக்கும் தாள் எல்லாம் வெளிச்சம் பட்டுக் கெடும்.

முக்கியமான எச்சரிக்கை: அந்தத் தாளுக்குள் காரத்தன்மை கொண்ட ரசாயனப் பசை இருக்கிறது. வெட்டவோ பிரிக்கவோ கடிக்கவோ கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி கையில் கொடுக்காதீர்கள், அக்காவிடம் கொடுங்கள். பசை தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண் என்றால் மருத்துவரிடமும் போக வேண்டும்.

கேமராவை எடுத்ததுமே முப்பது பேர் மொய்த்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

திரையைக் காட்டுவதால்தான் மொய்க்கிறார்கள். ஒரு படம் எடுத்ததும் திருப்பிக் காட்டினால் அடுத்த நொடி லென்ஸ் முழுக்கக் கைரேகை. திரையைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, "நாளைக் காலை தாளில் பார்ப்போம்" என்று ஆசிரியரைச் சொல்லவையுங்கள். தாள் வந்தால் திரையை யாரும் கேட்க மாட்டார்கள்.

படமெடுக்கும் இடத்தை நிலையாக வையுங்கள்: ஒரு பெஞ்சு, பின்னால் ஒரு கைத்தறித் துணி அல்லது வெற்றுச் சுவர். வகுப்பு வருகைப்பதிவு வரிசையில் கூப்பிடுங்கள். உங்களுக்குப் பிடித்த முகத்தை முதலில் கூப்பிட்டால் மற்றவர்கள் அதைக் கவனிப்பார்கள்.

பெயர் குழம்பாமல் இருக்கப் பல குழுக்கள் ஒரு வேலை செய்கின்றன: குழந்தையின் மார்பில் எண் எழுதிய பலகையைப் பிடிக்கவைத்து எடுப்பது. கம்போடியாவில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். புனோம் பென்னில் கெமர் ரூஜ் நடத்திய துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லக் கொண்டுவரப்பட்டவர்களை எண் குத்திப் படமெடுத்தார்கள். அந்தப் படங்கள் இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் வரிசையாக இருக்கின்றன. பள்ளி வாசலில் நிற்கும் தாத்தாவுக்கு அந்தப் பலகை எதை நினைவூட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருகைப்பதிவு வரிசையில் எடுத்து, கோப்பு எண்ணை ஒரு நோட்டில் பெயருக்கு நேராக எழுதினாலே போதும். ஒவ்வொரு ஐந்து பேருக்கும் ஒருமுறை தரையைப் படமெடுத்துவிட்டால் எங்கே நிற்கிறோம் என்பது பிறகு பிடிபடும்.

குழந்தைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்தால்?

பயணத்தில் செய்யக்கூடிய ஆகச் சிறந்த காரியம் அதுதான். உங்கள் படங்களில் குழந்தைகள் எல்லோரும் சிரித்துக்கொண்டு உங்களையே பார்ப்பார்கள். அவர்கள் எடுத்தவற்றில்தான் ஊர் இருக்கும்: அடுப்படி, மாட்டின் காது, தூங்கும் தாத்தா, செருப்புக் குவியல். இப்படிக் குழந்தைகளிடமும் கிராமத்தாரிடமும் கேமராவைக் கொடுப்பதற்கு நீண்ட மரபு உண்டு. அமெரிக்கரான வெண்டி ஈவால்ட் கென்டக்கி மலைப் பிள்ளைகளோடு 1970-களில் இதைச் செய்தார். கேரலைன் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் சீனாவின் யுன்னானில் கிராமப் பெண்களோடு 1990-களில் செய்தது "ஃபோட்டோவாய்ஸ்" என்ற முறையாகவே ஆனது.

நடைமுறை இது. 24 பிள்ளைகள், 8 கேமரா, ஒன்றுக்கு மூவர். ஒருவர் எடுப்பார், ஒருவர் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்ப்பார், ஒருவர் எண்ணுவார். பத்துப் படம் ஆனதும் கை மாறும். ஆளுக்கொரு கேமரா கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முந்நூறு படம், ஒன்றும் தேறாது. பழைய காம்பாக்ட் கேமராக்களை நண்பர்களிடம் கேட்டு வாங்கினாலே எட்டு சேர்ந்துவிடும். எல்லாம் ஒரே வகை பேட்டரியாக இருந்தால் நிம்மதி. பொம்மைக் கேமரா வேண்டாம், அதன் படத்தைத் தாளில் பார்த்தால் பிள்ளைகளே ஏமாந்துபோவார்கள்.

முன்கூட்டிச் செய்ய வேண்டியவை: ஃபிளாஷ், பீப் ஒலி, டிஜிட்டல் ஜூம் மூன்றையும் அணைத்துவிடுங்கள். படத்தின் அளவை 3 முதல் 5 மெகாபிக்சலில் வையுங்கள். 10 × 15 தாளுக்கு 1800 × 1200 புள்ளி போதும், அது இரண்டு மெகாபிக்சல் சொச்சம்தான். கைப்பட்டைக்குப் பதில் கழுத்துப்பட்டை போடுங்கள். சிம் எடுத்த பழைய கைபேசி என்றால் முதலில் முழுதாக அழித்து, இருப்பிடப் பதிவை அணைத்து, கேமரா செயலியை மட்டும் திரையில் பூட்டிக் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் ஸ்க்ரீன் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ். இல்லாவிட்டால் பத்தாவது நிமிடம் யூடியூப் ஓடும்.

ஐந்து நாள் இருந்தால், முதல் நாள் கேமராவே இல்லாமல் அட்டையில் 10 × 15 ஜன்னல் வெட்டி அதன் வழியே பார்க்கும் விளையாட்டு. இரண்டாம் நாள் பள்ளி வளாகத்துக்குள் படமெடுப்பு. மூன்றாம் நாள் ஆசிரியர் ஒருவரோடு வீடு வரை. நான்காம் நாள் தேர்வு. ஒவ்வொருவரும் தன் படங்களில் மூன்றைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். நமக்கு அழகாகப்படும் படத்தைத் தள்ளிவிட்டு, கலங்கிய ஒரு நாயின் படத்தை எடுத்து வைப்பார்கள். அந்த நாய் அவர்களுடையது. இரவில் 72 பிரிண்ட் போட்டு, ஐந்தாம் நாள் பள்ளித் தாழ்வாரத்தில் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், கீழே அவர்களே கெமரில் எழுதிய ஒரு வரியோடு. வயல் வேலை முடிந்து மாலை நான்கு மணிக்கு மேல்தான் வீட்டார் வருவார்கள். முடிந்ததும் படங்கள் அவரவர் வீட்டுக்கு.

ஓர் எல்லையை மறக்காதீர்கள். கம்போடியாவின் பல மாகாணங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. நல்ல கோணம் என்று பிள்ளைகளை நடைபாதையை விட்டுக் காட்டுப்பக்கம் அனுப்பாதீர்கள், நீங்களும் போகாதீர்கள். எது வரை போகலாம் என்பதை ஊர்க்காரர் சொல்லட்டும்.

"எதை வேண்டுமானாலும் எடு" என்று சொன்னால் நண்பர்களையே எடுக்கிறார்கள். வேறென்ன சொல்லலாம்?

முகமே வராத தலைப்புகளைக் கொடுங்கள். கைகள், பாதங்கள், நிழல், சத்தம் போடும் ஒரு பொருள், வீட்டில் எல்லோரையும் விட வயதான பொருள், கெமர் எழுத்து ஒன்றைப் போல வளைந்திருக்கும் ஏதாவது. கடைசி விளையாட்டில் ஆசிரியர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

கேமரா வாங்க வழியில்லை. அப்போதும் ஏதாவது செய்யலாமா?

இரண்டு செய்யலாம். இரண்டுமே சிறு பிள்ளைகளுக்குக் கேமராவை விடப் பிடிக்கும்.

வகுப்பறையையே கேமராவாக்குவது முதலாவது. மரக் கதவு போட்ட ஜன்னல்களை மூடி, இடுக்குகளைக் கறுப்புப் பிளாஸ்டிக் தாளால் அடைத்து, வெயில் விழும் பக்கத்து ஜன்னலில் ஒன்றரை செ.மீ. துளை ஒன்று விடுங்கள். துளையிலிருந்து இரண்டு மீட்டரில் வெள்ளை வேட்டியோ படுக்கை விரிப்போ விரித்துப் பிடித்தால், வெளியே நிற்பவர்கள் தலைகீழாக வண்ணத்தில் தெரிவார்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் "ஒன்றும் தெரியவில்லை" என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். படம் மங்கலாக இருந்தால் துணியைத் துளைக்கு அருகில் கொண்டுவாருங்கள், உருவம் சிறிதாகும், பிரகாசம் கூடும். வெளியே இருப்பவர்கள் நல்ல வெயிலில் நிற்க வேண்டும். அறை வெந்துபோகும், ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர், பத்து நிமிடம்.

இரண்டாவது சயனோடைப், 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீலப் படம். ரசாயனத்தைத் தூளாக விமானத்தில் கொண்டுபோய்க் கேள்விக்கு ஆளாகாமல், பூசி உலர்த்திய தாளைக் கறுப்பு உறையில் எடுத்துச் செல்லுங்கள். நிழலில் தாளை எடுத்து, மேலே இலையை வைத்து, கண்ணாடி அல்லது தெளிந்த பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தி வெயிலில் காட்டுங்கள். மஞ்சள் பச்சை நிறம் சாம்பலாக மாறும் வரை, நண்பகலில் மூன்று முதல் பத்து நிமிடம். பிறகு மஞ்சள் சாயம் போகும் வரை ஐந்து நிமிடம் தண்ணீரில் அலசினால் நீலம் எழும். அந்த ஊர்த் தண்ணீர் காரமாக இருந்தாலோ வாளியில் சோப்பு ஒட்டியிருந்தாலோ நீலம் வெளிறும். சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் சரியாகும். புளி இலையும் முருங்கை இலையும் இதற்கென்றே படைத்த மாதிரி பதியும். முருங்கைக்குக் கெமரில் "ம்ரும்".

நடுப்பகலில் எடுக்கும் முகங்களில் கண் குழியெல்லாம் கறுப்பாக விழுகிறது. எங்கே நிறுத்துவது?

வீட்டுக்கு அடியில். கெமர் கிராம வீடுகள் கால் ஊன்றி உயர்ந்து நிற்கும், தூளியும் கட்டிலும் மாடும் பேச்சும் எல்லாம் அந்த அடித்தளத்தில்தான். அங்கே மூன்று பக்கமும் வெளிச்சம் வரும், தலைக்கு மேல் பலகை. குழந்தையை விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, முகம் வெளியே பார்க்க உட்காரவையுங்கள், நீங்கள் வெளியே குந்துங்கள். கேமரா குழந்தையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும்.

பள்ளிச் சீருடை வெள்ளைச் சட்டை. சட்டகம் நிறைய வெள்ளை இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கும், கேமராவின் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) திருத்தத்தை 0.3 முதல் 0.7 வரை கூட்டிவையுங்கள். லென்ஸ் துளை அளவு ஒன்றிரண்டு பேருக்கு எஃப் 4, மூன்று வரிசைக் குழுப்படத்துக்கு எஃப் 8. ஷட்டர் 1/250-க்குக் கீழே போக விடாதீர்கள், யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். குழுப்படம் என்றால் குறைந்தது ஐந்து படம் எடுங்கள், ஒன்றில் எல்லோர் கண்ணும் திறந்திருக்கும்.

படத்துக்கு நின்ற பிள்ளைகளுக்கு இனிப்போ பணமோ கொடுக்கலாமா?

கூடாது. அடுத்த குழு வரும்போது கை நீளும், பள்ளியை விட்டுச் சாலைக்கு வருவார்கள். பிரிண்ட்தான் கூலி.

இன்ஸ்டாகிராமில் போடலாமா?

இணையக் கட்டத்தில் ரேகை இருந்தால் மட்டும். அப்போதும் பள்ளிப் பெயர்ப்பலகை, ஊர்ப் பெயர், குழந்தையின் முழுப்பெயர் ஒன்றும் வேண்டாம், படத்துக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் அழித்துவிடுங்கள். குளிக்கும், அழும், சட்டையில்லாத பிள்ளைகளின் படம் அனுமதி இருந்தாலும் வேண்டாம். ஒரு சோதனை: அந்தப் படத்தில் இருப்பது உங்கள் அண்ணன் மகள், எடுத்தவர் ஊர் பேர் தெரியாத வெளிநாட்டுக்காரர் என்று வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் எடுத்த படங்கள் அவர்களுடையவை. நிதி திரட்டும் அட்டையில் அச்சிட வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும்.

விமானம், மின்சாரம், மழை: எதைக் கவனிக்க வேண்டும்?

உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். பவர் பேங்க் 100 வாட் மணிக்குள் இருக்கட்டும். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட் மணி, தாராளம். உடனடித் தாளைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், ஸ்கேனர் கதிரில் மங்கும். கையில் வைத்து, கண்ணால் சோதிக்கும்படி கேளுங்கள். அங்கே மின்சாரம் 230 வோல்ட்தான், ஆனால் சிங்கப்பூர், மலேசியத் தடித்த மூன்று கால் பிளக் பெரும்பாலான சுவர்களில் நுழையாது. எட்டு கேமராவுக்கு ஒரு இரவில் சார்ஜ் ஏற்றப் போதுமான வாய்கள் உள்ள நீட்டிப்புப் பலகை வேண்டும்.

ஏசி அறையிலிருந்து காலையில் நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும். கிளம்பும் முன் அரை மணி நேரம் பையை மூடியபடியே வெளியே வையுங்கள். தூசிக்கு ஊதுபந்து, பிறகே துணி. நேரே துணியால் துடைத்தால் செம்மண் கீறும். ஏப்ரல் நடுவில் கெமர் புத்தாண்டு, செப்டம்பர் அக்டோபரில் நம் மகாளய பட்சம் போலவே பதினைந்து நாள் முன்னோரை வழிபடும் பிச்சும் பென். அப்போது பள்ளி மூடியிருக்கும், ஆனால் தொலைவில் வேலை பார்க்கும் அப்பா அம்மா வீட்டில் இருப்பார்கள். குடும்பப் படம் எடுக்க நினைத்தால், வீட்டார் விரும்பினால், அதைவிட நல்ல நேரம் இல்லை.

ஊர் திரும்பிய பிறகு படங்களை எப்படி ஒப்படைப்பது?

கிளம்பும் முன் இரண்டு யுஎஸ்பி குச்சியில் முழுத் தொகுப்பையும் நகலெடுத்து ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அங்கே ஆசிரியர்கள் டெலிகிராம் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். படமாக அனுப்பினால் சுருங்கும், கோப்பாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் வகுப்பும் வரிசை எண்ணும் போதும், பெயர் நோட்டு பள்ளியில் இருக்கட்டும். விடுபட்ட பிரிண்ட் இருந்தால் கூரியரில் அனுப்புவதை விட, சியெம் ரீப் ஸ்டூடியோ ஒன்றில் முன்பணம் கட்டிவிட்டு வந்து, கோப்பை அவர்களுக்கு அனுப்பி, ஆசிரியர் நகரத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வது எளிது. "அடுத்த வருடம் வருவேன்" என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வராதீர்கள். டிக்கெட் கையில் இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், அவர் சொல்லிக்கொள்வார்.